கப்பலில் கேபின் இல்லை

ஐப்பசி, செவ்வாய்க்கிழமை இரவு.

ஆராய்ச்சிக் கப்பல் போகிறது. நான் போகவில்லை.

நடுக்கடலின் அடியில் தரை விலகி, நெருப்புக் குழம்பு மேலே வருகிறது. குளிர்ந்த நீர் பட்டதும் அதன் மேல்தோல் கண்ணாடியாக உறைகிறது. உள்ளே இருக்கும் குழம்பு அதை உடைத்துக்கொண்டு மறுபடி வழிகிறது. கடலுக்குப் புதுத் தரை அப்படித்தான் உண்டாகிறது. அங்கே எந்தெந்த இடத்தில் கல் எடுக்க வேண்டும் என்று வரைபடத்தில் குறித்தவள் நான். இன்று பேராசிரியர் கப்பலில் போகிறவர்கள் பட்டியலில் என் பெயரை அடித்துவிட்டு என் ஜூனியர் ஒருவனின் பெயரைப் போட்டார்.

"லேடீஸுக்குத் தனி கேபின் இல்லம்மா. கல்லு வந்ததும் அனலைஸ் பண்ணப்போறது நீதானே" என்றார். ஏதோ சலுகை தந்தவர் போலச் சிரிப்பு வேறு.

பொன்னேரியில் ரயிலை விட்டு இறங்கி, பஸ் பிடித்துக் குப்பத்துக்கு வந்தேன். எங்கள் குப்பத்தில் பெண்கள் படகில் கால் வைக்கக் கூடாது. பள்ளிக்கூட நாளிலேயே இதற்காக அப்பாவோடு சண்டை போட்டிருக்கிறேன். படித்தவர்கள் இப்படிச் செய்ய மாட்டார்கள் என்று அவர் முகத்துக்கு நேராகவே சொன்னேன்.

அம்மா கரையில் இறால் பிரித்துக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். அவள் கை நிற்கவில்லை.

"இதுக்கு இன்னாத்துக்குடி மூஞ்ச தூக்கி வச்சிக்கினு கீற? ஆம்பளைங்க கொண்டாந்து கொட்றாங்க, நாங்க குந்திக்கினு பிரிக்கிறோம். உனுக்கு மீனுக்குப் பதிலு கல்லு, அவ்ளோதான்."

ஆறுதலாகத்தான் சொன்னாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து பிரித்தேன்.

அப்பாவாவது பொம்பளை ஏறக் கூடாது என்று நேராகச் சொன்னார். கேபின் கதையெல்லாம் விடவில்லை.