முகம் தெரிந்த ஆடுகள்

மகாராணிக்கு,

குடற்புழு மருந்து குடித்த ஆடுகளின் முதுகில் சாயக்கோடு போட முந்தாநாளே சொன்னாய். "என் ஆடுங்க முகம் எனக்குத் தெரியாதா?" என்று சவடால் அடித்துவிட்டு, இன்று பட்டிக் கதவையும் திறந்து வைத்துவிட்டேன். குடித்ததும் குடிக்காததும் கலந்துவிட்டன. இப்போது அத்தனைக்கும் ஒரே முகம். அதிகம் குடித்தது என் சட்டைதான்; அதற்கு இனிப் புழுத்தொல்லை கிடையாது.

சினை ஆடுகளுக்கு இரண்டாம் முறை கொடுத்தால் ஆபத்தா என்று டாக்டரைக் கேட்கப் போகிறேன். எப்படியும் சரிசெய்துவிடுவேன். சோறு அடுப்பில், சாவி ஆணியில். உண்ணி மருந்தை நீ தொடாதே, நான் வந்து தெளிக்கிறேன்.

தாளின் மூலையில் கொஞ்சம் இடம் இருப்பதால்: நேற்றிலிருந்து பேசவில்லையே, கோபம் இன்னும் இருக்கிறதா?

(கீழே, மனைவியின் கையெழுத்தில்)

இருக்கு. குடிக்காதது மொட்டைக்காதும் அதோட மகளும் மட்டும்தான். வேலியோரம் நின்னு பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். ரெண்டுக்கும் ஊத்தி, கோடு போட்டாச்சு. உங்க சட்டைக்கும் ஒண்ணு போட்டிருக்கேன்.