நாலாவது இடம் என்று சொன்னதற்கு

2023 ஜூன் 15, வியாழன்

ரேடியோவில் பேசிவிட்டு இப்போதுதான் வந்தேன். உலகக் கோப்பைக்கான தகுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமை ஜிம்பாப்வேயில் தொடங்குகிறது. பத்து அணிகள், இரண்டுக்குத்தான் இடம். பத்தையும் ஒப்பிட்டு வரிசைப்படுத்தச் சொன்னார் நிகழ்ச்சி நடத்தும் ரால். எங்கள் தீவின் ஸ்பைட்ஸ்டவுன் கிரிக்கெட் கிளப்புக்கு இருபத்தாறு வருஷமாக ஸ்கோர் எழுதுகிறவள் நான். போன இரண்டு வருஷத்து ஒருநாள் ஆட்டங்களைப் பந்து பந்தாக எண்ணி வைத்திருந்தேன். இலங்கை, ஜிம்பாப்வே, ஸ்காட்லாந்து என்று சொல்லி, நாலாவதாக நம் மேற்கிந்தியத் தீவுகளைச் சொன்னேன்.

ரால் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, "மிஸ் கிட்டன்ஸ், என் தலைல கல்லு விழும்" என்றார். விழுந்தது என் தலையில்தான். முதலில் போன் செய்தவர், "இந்தம்மாவுக்கு எந்த ஊரு? ஸ்காட்லாந்தா?" என்றார். அடுத்தவர் நாம் ஜெயித்த 75, 79 உலகக் கோப்பைகளை ஞாபகப்படுத்தினார். யார் மறந்தது? அந்தக் கோப்பைகளா ஞாயிற்றுக்கிழமை மட்டை பிடிக்கப் போகின்றன?

ஜூன் 16

சீமோர் கூப்பிட்டு அனுப்பினான். கிளப் செயலாளர் அவன்தான், ரம் கடைக்காரனும் அவன்தான். என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன். கடை நிறைய ஆட்கள், டாமினோ கட்டைகளை மேஜையில் அறைந்துகொண்டு.

"அடுத்த வியாழக்கிழமை ரேடியோவுல மன்னிப்புக் கேட்டுடு சிசிலி. இல்லேன்னா ஸ்கோர் புக்கைக் குடுத்துடு. துரோகி எழுதுற ஸ்கோர் எங்களுக்கு வேணாம்."

துரோகியாம்! நானும் விடவில்லை. "சிக்ஸர் அடிக்கிறவனுக்கு மீன் வச்ச ரொட்டி இனாம்னு வருஷக்கணக்கா குடுக்குறியே சீமோர். ஒத்தை ரன் ஓடுறவனுக்கு என்னிக்காவது ஒரு துண்டு குடுத்திருக்கியா?"

அதுதானே நம் வியாதி? நம் பிள்ளைகள் பத்துப் பந்துக்குக் கட்டை போட்டுவிட்டுப் பதினோராவதைக் கடலுக்கு அனுப்புகிறார்கள். நாமும் எழுந்து நின்று கைதட்டுகிறோம். மற்றவர்கள் அந்தப் பத்திலேயே ஏழு ரன் ஓடிவிடுகிறார்கள். கிளப்பில் பழகியது பெரிய அணிக்குப் போனால் மாறிவிடுமா?

"ரொட்டியப் பத்திப் பேசாத, நாட்டைப் பத்திப் பேசு" என்றான். கடையே சிரித்தது.

ஜூன் 18

அமெரிக்காவை ஜெயித்தோம். ஜன்னலுக்கு வெளியே எவனோ, "நாலாவது இடம் நல்லா இருக்கா?" என்று கத்திவிட்டு ஓடினான்.

ஜூன் 22, வியாழன்

நேபாளத்தையும் ஜெயித்தோம். ரேடியோவுக்கு நான் போகவில்லை. எதற்காக மன்னிப்பு? பந்துகளை எண்ணியதற்கா? ஸ்கோர் புத்தகத்தைக் கொண்டுபோய்ச் சீமோரின் கல்லாவில் வைத்துவிட்டுத் திரும்பினேன். இருபத்தாறு வருஷம்.

ஜூன் 24

ஜிம்பாப்வேயிடம் தோல்வி. "உனக்குக் கரிநாக்குடி" என்கிறார் என் வீட்டுக்காரர் கார்லைல். என் நாக்கா கேட்சுகளைக் கோட்டை விட்டது?

ஜூன் 26

374 அடித்தும் நெதர்லாந்து சமன் செய்துவிட்டது. சூப்பர் ஓவரில் முப்பது கொடுத்துத் தோற்றோம். நெதர்லாந்தை நமக்குக் கீழே ஆறாவதாகப் போட்டிருந்தேன். அதில் நானும் ஏமாந்தேன், ஒப்புக்கொள்கிறேன். சீமோர் ஒப்புக்கொள்வானா?

ஜூலை 1, சனி

ஸ்காட்லாந்து. நாம் 181. அவர்கள் ஏழு விக்கெட்டில் ஜெயித்தார்கள். நாம் இல்லாமல் ஒரு உலகக் கோப்பை. இப்படி ஒருமுறையும் நடந்ததில்லை.

குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். கார்லைலுக்குக் கேட்கக் கூடாது. ரால் போன் செய்தார். "மிஸ் கிட்டன்ஸ், நீங்க ஜெயிச்சுட்டீங்க! இன்னிக்கே வந்து பேசுங்க." நான் ஜெயித்தேனா? இதுவா ஜெயம்? போனை வைத்துவிட்டேன்.

ஜூலை 2

சர்ச்சிலிருந்து வரும்போது சீமோர் கடை வாசலில் பிரசங்கம் செய்துகொண்டிருந்தான். "ஒருத்தனையும் ஏர்போர்ட்ல இறங்க விடக்கூடாது. டீமையே கலைச்சுடணும்."

தலையில் சர்ச் தொப்பியோடு நடுத்தெருவில் நின்று கத்தினேன். "படகுல ஓட்டை இருக்குன்னு சொன்னேன். அப்ப என்னைத் துரோகின்ன. இப்ப நீ படகையே கொளுத்தணும்ங்கிற. யாருடா துரோகி?"

அவன் தரையைப் பார்த்தான். "சரி சரி. உன் ஸ்கோர் புக்கை எடுத்துட்டுப் போ."

"நான் மன்னிப்புக் கேக்க வேணாமா?"

"இப்ப எதுக்கு அது?"

எடுக்கவில்லை. அவன் முடிந்தது என்றால் முடிந்துவிடுமா?

ஜூலை 5

ஓமானை ஜெயித்தோம். தெருவில் ஒருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

ஜூலை 7, வெள்ளி

இலங்கையோடு கடைசி ஆட்டம். ஜெயித்தாலும் ஒன்றுமில்லை, தோற்றாலும் ஒன்றுமில்லை. நம் நேரப்படி விடியற்காலை மூன்று மணிக்குத் தொடங்கியது. ஊரில் ஒரு வீட்டிலும் விளக்கு எரியவில்லை. கோடு போட்ட சாதா நோட்டை எடுத்து முதல் பந்திலிருந்து எழுதினேன்.

ஆறு மணிக்குச் சீமோர் தோளில் துண்டோடு கடலில் குளிக்கப் போனான். டிவி சத்தம் கேட்டு என் ஜன்னலோரம் நின்றான்.

"அதையா பாக்குற? அதான் எல்லாம் போச்சே."

"நம்ம டீம் ஆடுது சீமோர்."

அவன் நகரவில்லை. "எவ்வளவு?" என்றான்.

"மன்னிப்புக் கேளு, சொல்றேன்."

இரண்டு ஓவர் முடியும்வரை அப்படியே நின்றான். பிறகு மன்னிப்புக் கேட்டான். ஸ்கோரைச் சொன்னேன். உள்ளே வந்து உட்கார்ந்தவன், நாம் தோற்கிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை.