பூண்டு வாசம்

பெய்ஜிங்

அக்காவுக்கு,

மூன்று மாதம் தள்ளிப்போட்டு இன்றுதான் எழுதுகிறேன். நீங்கள் சொல்லாமல் ஊருக்குப் போனதிலிருந்து நம் ஆய்வகத்தில் உங்கள் மேசை காலி.

நீங்கள் வளர்த்த ஒன்பதாவது காந்தப் படிகம் தேறிவிட்டது. பிஸ்மத்தைக் குறைத்து நீங்கள் சேர்த்த ஆன்டிமனி அளவு கச்சிதம். உள்ளே மின்சாரம் அடங்கி, மேற்பரப்பில் மட்டும் ஓடுகிறது. கட்டுரையில் முதல் பெயர் உங்களுடையதுதான். எழுத வந்தது அதற்காக அல்ல.

கர்ப்பிணியான நான் படிகத்தில் சேர்க்கும் டெல்லூரியம் என்ற நச்சுத் தூளைத் தொடக்கூடாதென்று, "எனக்கென்ன, பிள்ளையா குட்டியா? தள்ளுடி" என்று நீங்கள் வேலையை வாங்கிக்கொண்டீர்கள். அந்தத் தூள் உடம்பில் ஏறி, மாதக்கணக்கில் உங்கள் மூச்சில் பூண்டு வாசம். "கொழுக்கட்டைக்குத் தொட்டுக்கப் பூண்டு வேண்டாம், அக்கா மூச்சே போதும்" என்று ஆய்வகப் பையன்கள் கேலி செய்ய, நீங்களும் சிரித்தீர்கள்.

குழந்தையின் முப்பதாம் நாள் விருந்துக்கு, நீங்களே தைத்த புலிமுகக் காலணியோடு வந்தீர்கள். வாசலிலேயே அந்த வாசம் வந்தது. குழந்தைக்கு ஆகாதோ என்று பயந்துபோய், "தூங்குறா அக்கா" என்றேன்.

அவள் தூங்கவில்லை. உள்ளே அழுதது உங்களுக்கும் கேட்டது. "தூங்கட்டும், எழுப்பாதே" என்று சொல்லிவிட்டு, விருந்தாளிகளுக்கெல்லாம் நான் கொடுத்த சிவப்புச் சாய முட்டையோடு படியிறங்கினீர்கள்.

காலணியை இன்னும் அவளுக்குப் போடவில்லை. கால் வளர்வதற்குள் வந்து, நீங்களே போட்டுவிடுங்கள்.

உங்கள் தங்கை