உனக்காக நின்ற ராக்கெட்

என் ருக்கு அக்காவுக்கு,

ராக்கெட் போய்விட்டது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால், "இன்னாடி இது, வுட்டானுங்களா இல்லியா, மொதல்ல அத்த சொல்லு" என்று பாதியில் புகுந்து என் வாயை அடைத்துவிடுவாய். போன வெள்ளிக்கிழமை காலையில் விட்டார்கள். மைக்கில் எண்ணி முடித்ததும் புஸ்ஸென்று ஒரு சத்தம், வெள்ளையாக ஒரு கோடு, மேலே எங்கேயோ ஒரு டமால். அவ்வளவுதான். பின்பக்கம் நீ ஏறி நிற்கும் உடைந்த உரலின் மேல் நான் ஏறி நின்று பார்த்தேன்.

மழையா? திருவேற்காட்டில் கோயில் பக்கம் நாலு தூறல் விழுந்ததாம். நம் தெருவுக்கு அதுவும் இல்லை. இதைக் கேட்டால் நீ என்ன சொல்லியிருப்பாய் என்று யோசித்தேன். சிரிப்பு வந்தது. அப்புறம் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன்.

உனக்குப் படிக்க வராது. வாரப் பத்திரிகையை நான் வாசிக்க, நீ முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே கேட்பாய். இந்தக் கடிதம் அச்சில் வந்தால் உன் படத்தின் முன்னால் உட்கார்ந்து வாசிக்கிறேன். வராவிட்டாலும் வாசிக்கிறேன்.

நம்மைக் கட்டியவர்கள் அண்ணனும் தம்பியும். ஒரே வீடு, ஒரே அடுப்பு. ஓரகத்திகள் ஒத்துப்போக மாட்டார்கள் என்பார்கள். நாமும் குடத்துக்கும் விளக்குமாற்றுக்கும் சண்டை போட்டவர்கள்தான். ஆனால் நான் புதுப்பெண்ணாக வந்து மூலையில் நின்றபோது, கலைந்த பூவைச் சரிசெய்து, "பயப்படாத மல்லி, நான் கீறேன்" என்று காதோடு சொன்னவள் நீ. இப்போது யார் இருக்கிறார்கள், அக்கா?

அந்த ராக்கெட்டின் கதை மற்றவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

ஏரி வற்றி வெடித்துக் கிடந்த வருஷம் இது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன தனியார் கம்பெனிக்காரர்கள் மழை ராக்கெட் செய்திருக்கிறார்கள் என்றார்கள். ஆள் உயரம்தான் இருக்கும். மேகத்துக்குள் போய் உப்பு மாதிரி ஒரு மருந்தைத் தூவுமாம், மேகம் கரைந்து கொட்டுமாம். சோதித்துப் பார்க்க நம் ஏரிதான் கிடைத்தது. நடுவில் ஒரு இரும்புச் சட்டத்தை நட்டார்கள். ஜீப்பில் மைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாக வந்தார்கள். எண்ணிக்கை தொடங்கும் முன் ஏரிக்கரை வீடுகளில் எல்லோரும் அடுப்பை அணைத்துவிட வேண்டும் என்று உத்தரவு.

"அவன் நெருப்பு எரியணும்னு எங்க நெருப்ப அணைக்கணுமா? ஒல கொதிக்கிற நேரத்துல இது இன்னா அக்குறும்பு" என்று நீ உரலின் மேல் நின்று அவர்களைத் திட்டினாய். திட்டிவிட்டு அங்கேயே நின்றுகொண்டாய். மைக்கில் பத்து, ஒன்பது என்று வந்தது. நீயும் கூடவே விரல் மடக்கினாய். நாலில் நின்றுவிட்டது. ஏதோ ஒயரில் கோளாறாம்.

அடுத்த தடவை யாருடைய எருமைகளோ ஏரிக்குள் இறங்கிவிட்டன. அதற்கடுத்து விமானம் போகிற நேரம் என்று நிறுத்தினார்கள். இன்னொரு தடவை எல்லாம் சரியாக இருந்தது, மேகம் மட்டும் கிளம்பிப் போய்விட்டது. ஒவ்வொரு தடவையும் தெருவே அணைத்த அடுப்போடு காத்திருந்து, பிறகு முணுமுணுத்துக்கொண்டே பற்றவைக்கும். ஆனால் உனக்கு மட்டும் சலிக்கவில்லை. ஜீப் சத்தம் கேட்டால் ஈரக்கையோடு ஓடுவாய். "குமணன்சாவடி பஸ்ஸு மாரி இதுவும். நாம போனா வராது, திரும்புனா வரும்" என்று சொல்லிவிட்டு மறுபடி காத்திருப்பாய்.

காத்திருப்பது உனக்குப் பழக்கம். விஜிக்காக நீ காத்திருந்ததை விடவா?

உன் ஒரே பெண் விஜி, ஆவடி குவார்ட்டர்ஸில் இருந்த வேறு ஜாதிப் பையனைக் கட்டிக்கொண்டு பெங்களூர் போனாள். அன்றோடு, நான் மாமா என்று கூப்பிடும் உன் வீட்டுக்காரர், "எனக்குப் பொண்ணே இல்ல" என்றுவிட்டார். மாமா சொன்ன சொல்லை மாற்றுகிற ஆள் இல்லை. அவள் என் வீட்டுக்காரரின் லேத் பட்டறை விலாசத்துக்குக் கடிதம் போடுவாள். நான் உனக்கு வாசித்துக் காட்டுவேன். இன்னொரு தரம் படி என்பாய். ராக்கெட்டை நீ பார்த்துக்கொண்டு நின்றபோதெல்லாம் நினைத்திருக்கிறேன், இவள் மேலே போகிறதையா பார்க்கிறாள், வருகிற ஒன்றையா பார்க்கிறாள் என்று.

ஆடி மாதம் ஒரு விடியற்காலையில் தண்ணீர் லாரி வரிசையில் குடத்தை வைத்துவிட்டு, "கண்ணு இருட்டுது, செத்த குந்திக்கிறேன்" என்று உட்கார்ந்தாய். எழுந்திருக்கவில்லை. டாக்டர் நெஞ்சில் வால்வு கோளாறு என்றார். அதை அவர் முன்பே சொல்லியிருந்தார், நீதான் எங்களிடம் சொல்லவில்லை.

உன்னை வாசலில் பெஞ்சு போட்டுக் கிடத்தியபோது மேற்கே மேகம் திரண்டிருந்தது. அந்த வருஷத்தில் அப்படி ஒரு மேகத்தை நாங்கள் பார்க்கவில்லை. ஜீப் வந்தது. மத்தியானம் ராக்கெட், அடுப்பை அணைக்கவும் என்றது. அணைக்க யார் வீட்டில் அடுப்பு எரிந்தது? பிணம் எடுக்கும்வரை நம் தெருவில் நெருப்பு வைக்க மாட்டார்கள் என்று மைக் பிடித்தவருக்குத் தெரியுமா?

தெருவில் பேச்சு கிளம்பியது. "நம்ம அடுப்பே எரியல, அவன் மட்டும் எப்டி கொளுத்துவான்?" என்றார்கள் சிலர். அப்போதுதான் மாமா வாயைத் திறந்தார்.

"யாரும் போய் ராக்கெட்காரங்கள தடுக்க வேணாம். ஊருக்கு மழ வர்றத ஒரு பொணம் நிறுத்தக் கூடாது. பன்னண்டு மணிக்குள்ள எடுத்துட்லாம்" என்றார்.

எல்லோரும் பெரிய மனசு என்றார்கள். எனக்கு மட்டும் தெரியும். என் வீட்டுக்காரர் விடிந்ததுமே குமணன்சாவடிக்குச் சைக்கிளில் போய், பூத்திலிருந்து பெங்களூருக்குப் பேசிவிட்டு வந்திருந்தார். விஜி பஸ் ஏறிவிட்டாள். வந்துசேர சாயங்காலமாகும். அது மாமா காதுக்கும் போயிருந்தது. அவள் உன் முகத்தைப் பார்த்துவிடக் கூடாது என்பதற்கு அவருக்கு ஒரு ராக்கெட் கிடைத்துவிட்டது.

ஊர் மழையைச் சொல்லி ஒருவர் பேசும்போது எதிர்த்து யார் பேசுவது? நான் பேசவில்லை. பின்பக்கமாகச் சுவர் ஏறிக் குதித்து, வேலிக்காத்தான் முள்ளுக்குள் புகுந்து ஏரிக்குள் ஓடினேன். கடைத்தெருவுக்குக்கூட நீ துணை வராமல் போகாதவள் நான், உனக்கே தெரியும்.

காவல் நின்றவன் துரத்தினான். கண்ணாடி போட்ட ஒரு சார் வந்து, "விடுப்பா. சொல்லுங்கம்மா" என்றார்.

"எங்க அக்கா செத்துப் பூட்டாங்க சார். அவங்க பொண்ணு பெங்களூர்லேர்ந்து வந்துகினு கீது. நீங்க இன்னிக்கு வுட்றீங்கன்னா, அதுக்கு முன்னால எடுத்துடுவாங்க. பொண்ணு மொகம் பாக்க முடியாது."

அவர் வானத்தைப் பார்த்தார். "இந்த மேகத்துக்காகத்தான்மா இத்தனை நாள் நின்னோம். இன்னைக்கு விட்டா மறுபடி எப்போ வருமோ."

"மேகம் இன்னொரு நாள் வரும் சார். எங்க அக்கா மொகம் வருமா?"

அவர் மறுபடி மேகத்தைப் பார்த்தார். பிறகு, "எந்த வீடு?" என்று கேட்டார். கையைக் காட்டினேன். "உரல் மேல நின்னு எங்களைத் திட்டுவாங்களே, அந்த அம்மாவா?" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உன் திட்டைக் கேட்க அத்தனை தூரத்தில் ஓர் ஆள் இருந்திருக்கிறார் பார்.

நான் வீட்டுக்குத் திரும்பும் முன்பே ஜீப் வந்துவிட்டது. காற்று அதிகமாக இருப்பதால் இன்றைய ஏவுதல் ஒத்திவைக்கப்படுகிறது என்றது மைக். வேப்பிலைகூட அசையவில்லை. மாமா மரத்தை அண்ணாந்து பார்த்தார். என் காலில் முள் கிழித்த ரத்தத்தையும் பார்த்தார். அவரிடம் காரணம் தீர்ந்துவிட்டது.

அந்த மேகம் சாயங்காலத்துக்குள் கடல் பக்கம் போய்விட்டது. அன்றைக்கு விட்டிருந்தால் பெய்திருக்குமா? யாருக்குத் தெரியும். லாரி வரிசையில் கைக்குழந்தைக்காரிகளைப் பார்க்கும்போது எனக்கு மனசு உறுத்துகிறது. இதைப் படித்துவிட்டுத் தெருவில் யாராவது திட்டினால் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் மறுபடி அந்த நாள் வந்தாலும் நான் அந்தச் சுவரைத்தான் ஏறிக் குதிப்பேன்.

விஜி வரவில்லை. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. இனியும் வைத்திருக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொன்னார்கள். அதற்கு மேல் நான் யாரிடம் ஓடுவேன்? உன்னைத் தூக்கிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் கொள்ளிச் சட்டியோடு முன்னால் போனார். மாமா தலையைக் குனிந்துகொண்டு பின்னால் நடந்தார். ரேஷன் கடை முனையில் பெண்கள் நாங்கள் நின்றுவிட வேண்டும். நின்றோம். உன் பாடை திரும்பப் போகிற நேரத்தில் ஓர் ஆட்டோ வந்தது.

விஜி இறங்கினாள். அக்கா, அவள் வயிறும் பிள்ளையுமாக இருந்தாள். ஏழாவது மாசம். நேரில் வந்து சொல்லி உன்னைத் திகைக்க வைக்கலாம் என்று கடிதத்தில் எழுதாமல் விட்டிருந்தாளாம். தெரிந்திருந்தால் அந்த வால்வைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருப்பாயா?

மேளம் நிற்கவில்லை. பக்கத்து வீட்டு முனியம்மா ஓடிப்போய் அவளைக் கட்டிப் பிடித்தாள். "புள்ளத்தாச்சி பொணத்தப் பாக்கக் கூடாதும்மா, வவுத்துல கீறதுக்கு ஆவாது" என்றாள். மற்ற பெண்களும் சேர்ந்து மறித்தார்கள். விஜி கத்தக்கூட இல்லை. "எங்கம்மா, எங்கம்மா" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே அவர்கள் கைகளை ஒவ்வொன்றாக விலக்கினாள்.

மாமா திரும்பிப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தாரா, வயிற்றைப் பார்த்தாரா தெரியாது.

"எறக்குங்கடா" என்றார்.

"இன்னா மாமே, எடுத்தது எடுத்ததுதான், வழியில எறக்கலாமா?" என்றான் தூக்கியவர்களில் ஒருவன்.

"என் பொண்டாட்டிடா அவ. எறக்குங்கடா. பொண்ணு வந்துகீது."

நடுத்தெருவில் உன்னை இறக்கினார்கள். மாமாவே மாலைகளை ஒதுக்கி உன் முகத்தைத் திறந்துவிட்டார். விஜி உட்கார முடியாமல் உட்கார்ந்து, உன் கன்னத்தில் கன்னம் வைத்துக்கொண்டாள். யாரும் அவளை எழுப்பவில்லை. இருட்டிய பிறகுதான் நீ போனாய்.

கருமாதிவரை அவள் இங்கே இருந்தாள். மாமா அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் தட்டு வைத்தால் சாப்பிடுவார், அவ்வளவுதான். பெங்களூர் பஸ் ஏற்றிவிட்டு வந்தபோது, இனி இந்த வீட்டுக்கு அவள் எதற்கு வருவாள் என்றுதான் நினைத்தேன்.

நேற்று மாமா என்னிடம் கேட்டார். "மல்லி, அதுக்கு எந்த மாசம்?"

"பொரட்டாசி கடேசி மாமா."

"அங்க யாரு கீறாங்க பாத்துக்க?"

"யாரும் இல்ல."

நான் இதை எழுதும்போது, நீ படுக்கும் அறையில் அடைத்து வைத்திருந்த பழைய தகரம், கிழிந்த கோணி எல்லாவற்றையும் அள்ளி வெளியே போட்டுக்கொண்டிருக்கிறார். சுவருக்குச் சுண்ணாம்பு வாங்கி வரச் சொல்லி உன் கொழுந்தனை அனுப்பியிருக்கிறார்.

விஜியின் பிரசவம் இங்கேதான், அக்கா. சத்தியமாகச் சொல்கிறேன். பத்தியச் சோறு நான் ஆக்கிப் போடுவேன், காய்ச்சிய வெந்நீர் நான் ஊற்றுவேன். தாயோடு பிறந்த வீடும் போயிற்று என்று அவள் ஒருநாளும் சொல்லாதபடி பார்த்துக்கொள்வேன். பிள்ளை பிறந்ததும் முதலில் மாமா கையில் கொடுப்பேன். அது உன் கைக்கு வரவேண்டிய பிள்ளை. அன்றைக்கு அரை நாள் கேட்க ஏரிக்கு ஓடினேன், கொடுத்தார்கள். பிள்ளையைக் கையில் வாங்க உனக்குக் குறைந்துபோன இந்த இரண்டு மாதத்தை நான் எங்கே ஓடிப் போய்க் கேட்டிருக்க வேண்டும்?

உன் வயிற்றில் பிறக்காத மூத்த மகளாகவும்
உன் வீட்டுக்கு வந்த தங்கச்சியாகவும்,
மல்லிகா