ஈரக்கொழுந்தின் எடை

என் ஆசை அம்மாவுக்கு,

ஹட்டன் பஸ் நிலையத்தில் நின்றபடி, ஒரு மருந்துத் துண்டுச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். கொழும்பு பஸ் இன்னும் வரவில்லை. எனக்கு ஓரிடத்தில் நிற்க முடியவில்லை.

தோட்டத்து லயத்தில் நம் அடுத்த வீட்டு ராணியக்காவுக்கு நிமோனியா முற்றி, நுரையீரல் இரண்டும் வேலை செய்யவில்லை. நான்கு வருடத்துக்கு முன் உன்னை வைத்திருந்த அதே கொழும்பு ஆஸ்பத்திரியில், அதே தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறார். உனக்குக் கொடுத்த அதே நைத்திரிக் ஒட்சைட்டு வாயுவைத்தான் மெஷின் வழியாக அவருக்கும் கொடுக்கிறார்களாம். காலையில் அவர் வீட்டுக்காரர் முருகையா அண்ணன் போன் பண்ணினார்.

"ஒட்சிசன் நம்பர் எம்பதுலருந்து தொண்ணூத்தி மூணுக்கு ஏறிருச்சு தங்கச்சி. ஊருக்கு வந்து அவளுக்கு மாத்துச் சேலை எடுத்துக்கிட்டுப் போறேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் லைன் கட்டாகிவிட்டது. அதன் பிறகு எத்தனை தடவை அடித்தும் கிடைக்கவில்லை.

நானும் இதைத்தானே செய்தேன் அம்மா?

அன்று உன் ஒட்சிசன் நம்பர் ஏறியதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அங்கே இருந்த யாழ்ப்பாணத்து டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "இந்த வாயு நம்பரைத்தான் ஏத்தும், பிள்ளை. நுரையீரல் சுகப்பட்டிட்டுதெண்டு நினைக்காதேங்கோ. பக்கத்திலயே நில்லுங்கோ."

தலையை ஆட்டினேன். ஆனால் தராசு முள் ஏறினாலே சந்தோஷப்பட்டு வளர்ந்தவள் நான். நீ வீட்டுக்கு வரும்போது கட்டுவதற்கு நீலச் சேலையை எடுக்க நோர்வூட்டில் நம் வீட்டுக்கு ஓடினேன். திரும்பி வந்தபோது உன் கட்டில் காலியாக இருந்தது. அந்தச் சேலையைத்தான் உனக்குக் கட்டினோம்.

மழை நாளில் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை நாம் பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்துவிட்டு, தண்ணீருக்கென்று இரண்டு கிலோ கழிப்பார். நான் சண்டைக்குப் போவேன். நீதான் என் கையைப் பிடித்து இழுப்பாய். "கூடையில பாதி மழைத்தண்ணி பாப்பா. அது கொழுந்தாகாது."

எத்தனை மழைக்கு இதைக் கேட்டிருப்பேன்? அந்த ஒரு நாள் மட்டும் அது ஏன் ஞாபகம் வரவில்லை? கடைசியில் என்னைத் தேடினாயா?

பஸ் வந்துவிட்டது. ராணியக்காவின் மாற்றுச் சேலை என் பையில் இருக்கிறது. இனி அண்ணன் ஊருக்கு வர ஒரு காரணமும் இல்லை. அவர் அங்கேயே இருந்தால், அவரைக் கட்டில் பக்கத்தை விட்டு நகர விடமாட்டேன். அதற்குள் பஸ் ஏறியிருந்தால், அவர் திரும்பும்வரை அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டிருப்பேன். நம்பரைப் பார்க்க மாட்டேன் அம்மா. அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

உன் பக்கத்தில் இல்லாமல் போன,
உன் மூத்த மகள்.