உச்சியில் ஒட்டிய பூ

தென்காசி,
ஜூலை 19

அன்புள்ள ஸ்ரீவித்யா அப்பாவுக்கு,

நலமா என்று கேட்க மனம் வரவில்லை. போனில் பேசினால் கத்திவிடுவேன். நீங்களும் "ஆள் நிக்கி, பெறவு பேசுதேன்" என்று வைத்துவிடுவீர்கள். அதனால் ஓசூருக்குச் செடி லோடு ஏற்ற வரும் பேச்சிமுத்து அண்ணாச்சியிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். முழுக்கப் படியுங்கள்.

குற்றாலத்தில் சாரல் நன்றாக இருக்கிறது. நம் செடிக் கடையில் கூட்டமும் இருக்கிறது. நீங்கள் அனுப்பிய பீப்பாய்க் கள்ளிகள்தான் அழுகுகின்றன.

முந்தாநாள் சுரண்டையிலிருந்து ஷாரோன் டீச்சர் வந்தார். போன மாதம் சிவப்புப் பூவோடு ஒரு கள்ளி வாங்கியவர். அதை ஆறாம் வகுப்பில் வைத்து, மாதம் முழுக்க வாடாத பூ என்று காட்டியிருக்கிறார். ஒரு பிள்ளை தொட்டதும் பூ பசையோடு பெயர்ந்து வந்துவிட்டது. வகுப்பே சிரித்ததாம்.

பெங்களூர் ரகம், சின்னதிலேயே பூக்கும் என்றீர்களே, எலுமிச்சம்பழம் அளவுக் கள்ளி எங்காவது பூக்குமா? பதினைந்து இருபது வருஷம் கழித்து, பானை மாதிரிப் பருத்த பிறகுதான் உச்சியைச் சுற்றிப் பூ வைக்கும். நேற்று மிச்சமிருந்த எழுபதையும் பார்த்தேன். எல்லாவற்றிலும் சாயம் ஏற்றிய காய்ந்த பூ. கள்ளி வளர்வதே பஞ்சு படர்ந்த அந்த உச்சியில்தான். அங்கே பசையைக் காய்ச்சி ஊற்றியிருக்கிறீர்கள். மாதக்கணக்கில் தண்ணீர் இல்லாவிட்டாலும் மடிப்பைச் சுருக்கிக்கொண்டு தாக்குப்பிடிக்கிற செடி, பசைக்கடியில் தேங்கிய சாரல் தண்ணீரில் கொழகொழவென்று ஆகிவிட்டது.

போன தடவை வந்தபோது, பசை சுட்டு உங்கள் விரலில் இருந்த கொப்புளத்தை முள் குத்தியது என்றீர்கள். நான் வேறு மஞ்சள் அரைத்துப் போட்டேன். நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

என் மேல் வருகிற கோபம் அதைவிடப் பெரிது. வாங்கும்போதே, நிஜப்பூதானே என்று டீச்சர் கேட்டார். எனக்குச் சந்தேகம் இருந்தது. நீங்கள் சொன்னீர்களே என்று ஆமாம் என்றேன். இப்போதும் அவர் சண்டை போடவில்லை. "ஒங்களுக்குத் தெரியுமாக்கா?" என்று மட்டும் கேட்டார். தெரியாது என்றேன். "ஒங்களையும்லா ஏமாத்திருக்கானுவ" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு வருத்தப்பட்டார். அந்தக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

பூ ஒட்டிய செடி இனி ஒன்றுகூட வண்டியில் வரக் கூடாது. வந்தால் இறக்க மாட்டேன். நீங்களும் நேராக வீட்டுக்கு வர வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை சுரண்டை பஸ் ஸ்டாண்டில் நான் நிற்பேன். இரண்டு பேருமாக டீச்சர் வீட்டுக்குப் போவோம். நீங்கள் செய்ததை நீங்கள் சொல்லுங்கள், நான் சொன்ன பொய்யை நான் சொல்கிறேன்.

குற்றாலத்துக் குழல்வாய்மொழி அம்மன் உங்களுக்கு நல்ல புத்தி தரட்டும். நீங்கள் வராவிட்டாலும் நான் போவேன். டீச்சர் கதவைத் திறக்கும்போது என்னைத் தனியாக நிற்க வைத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
யோகலட்சுமி