ஒரு துண்டு கேக்கும் ஒரு மருத்துவ இடமும்

17 ஜனவரி 1974, வியாழன்

மெல்பேர்ன் கொதிக்கிறது. ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் மின்விசிறியைப் போட்டால் கடதாசி பறக்கிறது, நிறுத்தினால் வியர்க்கிறது.

டாக்டர் ப்ரைஸ் வந்தார். குழந்தைகள் பிரிவில் இரண்டு வருட வேலைக்கு வந்திருக்கும் அமெரிக்கக் கறுப்பினத்தவர். இரத்த மாதிரிகளைத் தாமே கொண்டுவருபவர் அவர் ஒருவர்தான். "டாக்டராக ஆசையில்லையா உனக்கு?" என்று கேட்டார். இலங்கையில், தமிழில் பரீட்சை எழுதியவர்களுக்கு மருத்துவப் படிப்புக்கான வெட்டுப்புள்ளியை உயர்த்தியதில் என் இடம் போனதைச் சொன்னேன். இங்கேயும் இரண்டு முறை கேட்டுக் கிடைக்கவில்லை. இவ்வளவு பேசினேனா நான்?

"அமெரிக்காவில் நான் படித்த மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டுப் பார்," என்றார். வேறு எவரும் சேர்க்காத காலத்தில் கறுப்பினத்தவருக்காகத் தொடங்கியதாம். இப்போது வெளியாரிலும் சிலரை எடுக்கிறார்களாம்.

22 ஜனவரி

விண்ணப்பம் போய்விட்டது. அறையைப் பங்கிட்டுக்கொள்ளும் யோகா அக்காவுக்கு மட்டும் தெரியும்.

9 பெப்ரவரி, சனி

நேர்முகம் முடிந்தது. அமெரிக்காவுக்குப் போக முடியாதவர்களைப் பழைய மாணவர் ஒருவர் பார்த்து எழுதினால் போதுமாம். ஆகவே டாக்டர் ப்ரைஸின் வீட்டிலேயே.

அவர் மனைவி லொரெய்ன் எலுமிச்சை கேக் நீட்டினார். "வேண்டாம்," என்றேன். தட்டு உடனே உள்ளே போய்விட்டது. காலையில் ஒன்றும் சாப்பிடாமல் போயிருந்தேன். கேள்விகளை விட அந்த வாசனைதான் பெரிய சோதனை.

கடைசிக் கேள்வி: "ஒரே ஒரு இடம் இருக்கிறது. மிசிசிப்பியில் டாக்டரே இல்லாத ஊரிலிருந்து வரும் கறுப்புப் பெண் ஒருத்தி, நீ ஒருத்தி. யாரை எடுக்கலாம்?"

"அவளை," என்றேன்.

"சரி," என்று பேனாவை மூடினார்.

அவ்வளவுதான்.

10 பெப்ரவரி

யோகா அக்கா கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்தார். "விசரி! கேக்கை வேண்டாமெண்டனீ, சரி. இடத்தையுமே வேண்டாமெண்டு சொல்லிப்போட்டு வந்தனீ?"

"அவளுக்கும் வேணும்தானே அக்கா."

"உனக்கு?"

வேணும். எனக்கும் வேணும். ஏன் அதைச் சொல்லேல்ல நான்? அவளுக்குத்தான் முதலில் என்று சொன்னது உண்மைதான் — வெளியே நிற்பது எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியாதா? ஆனால் அதில் பாதி, கேக்கை வேண்டாமென்றது போலத்தான். எங்கள் வீடுகளில் முதல் தடவை யார் ஓம் என்பார்கள்? இன்னொரு தடவை கேட்பார் என்றல்லவா இருந்தேன்.

11 பெப்ரவரி, திங்கள்

அவர் மாதிரிகளை வைத்துவிட்டுத் திரும்பினார். பின்னாலேயே நடைபாதைக்கு ஓடினேன். எல்லாரும் பார்த்தார்கள்.

"சனிக்கிழமை சொன்னதில் பாதி மரியாதைக்கு. அவளை எடுங்கள். ஆனால் எனக்கும் வேண்டும்."

"அதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே?"

"எங்கள் வீடுகளில் மூன்று தடவை கேட்பார்கள். மூன்றாம் தடவைதான் வாங்குவோம்."

அவர் சுவரில் சாய்ந்து சிரித்தார். "நாங்கள் ஏழு பிள்ளைகள். வேண்டாம் என்று வாய் திறந்தால் தட்டை அடுத்தவன் இழுத்துவிடுவான்." பிறகு சிரிப்பை நிறுத்திக் கேட்டார்: "அந்த இடத்தை வாங்கிக்கொண்டு என்ன செய்வாய்?"

"டாக்டர் இல்லாத ஊருக்குப் போவேன். எந்த ஊர் என்று இப்போது சொன்னால் பொய்யாகும்."

"இதையும் எழுதுகிறேன். சரி, மூன்றாம் தடவை கேட்கிறேன். வேண்டுமா?"

"வேண்டும்."

பின்னேரம் முழுவதும் நல்ல சந்தோஷம். கிடைக்காவிட்டாலும் கேட்டுவிட்டேன்.

3 மார்ச்

கல்லூரியிலிருந்து பதில் ஒன்றும் இல்லை. யோகா அக்கா புட்டு அவித்தார்.

23 ஏப்ரல், செவ்வாய்

டாக்டர் ப்ரைஸ் இன்று கையில் மாதிரி எதுவும் இல்லாமல் வந்தார். வாசலில் நின்றபடியே, "உனக்குச் செப்டெம்பரில் வகுப்புத் தொடங்குகிறது," என்றார். அப்பாவுக்குத் தந்தி அடிக்க வேண்டும். எங்கள் குடும்பத்தில் பட்டம் பெற்றதே நான்தான் முதல். டாக்டர் என்றால் நம்புவாரா?

28 ஜூலை, ஞாயிறு

கடுங்குளிர். நான் பருத்திச் சேலைகளை மடித்துப் பெட்டியில் அடுக்குகிறேன். அங்கே இப்போது வெயில் என்றால் யோகா அக்கா நம்ப மறுக்கிறார். "கம்பளியையும் வை, சும்மா வாய் காட்டாத!"

பின்னேரம் டாக்டர் ப்ரைஸ் வீட்டுக்கு விடைபெறப் போனோம். இத்தனை மாதமாகக் கேட்காததைக் கேட்டேன். "அந்த மிசிசிப்பிப் பெண் உண்மையானவளா? அவளுக்குக் கிடைத்ததா?"

"ஒருத்தியா? நிறையப் பேர். சிலருக்குக் கிடைத்தது, சிலருக்கு இல்லை," என்றார். "போனதும் பார்ப்பாய். பக்கத்து மேசையில் இருப்பார்கள்."

லொரெய்ன் எலுமிச்சை கேக் கொண்டுவந்தார். தட்டு என் முன்னால் வந்ததும், "தாருங்கள்," என்றேன். யோகா அக்கா என் காலை மிதித்தார்.

பெரிய துண்டு. ஒரு பொருக்கும் மிச்சம் வைக்கவில்லை.